விந்தணு கவுண்ட் கம்மி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, சாஷே பவுடர் 3 மாதம் சாப்பிடச் சொல்கிறார்கள், பலன் உண்டா?

ஸ்டென்டர்_திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 32 வயது, மனைவிக்கு 28. கல்யாணமாகி இரண்டரை வருடம், முதல் ஒரு வருடம் நாங்களே தள்ளிப் போட்டோம், அப்புறம் ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சொந்தத்தில் ஒரு சீர், காதுகுத்துக்குப் போக முடியவில்லை, "விசேஷம் ஏதும் இல்லியா" என்று கேட்காத ஆளே இல்லை. மனைவிக்கு ஸ்கேன், தைராய்டு, குழாய் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, நார்மல். அதற்கப்புறம்தான் எனக்கு எடுத்தார்கள்.

ரிப்போர்ட் இது: அளவு 2.4 மில்லி, ஒரு மில்லிக்கு 11 மில்லியன், மொத்த அசைவு 30%, முன்னோக்கி நகர்வது 18%, இயல்பான வடிவம் 3%.

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு நிமிடம் பார்த்தார். ஆரஞ்சு வாசம் அடிக்கிற ஒரு சாஷே பவுடர், ஒரு கோக்யூ10 கேப்சூல், ஒரு மல்டிவைட்டமின், மூன்றும் 3 மாதம் சாப்பிடு, அப்புறம் திரும்ப டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாதம் 3,460 ரூபாய் ஆகிறது. இது போதாது என்று மச்சான் ஒருத்தர் ஜிங்க் மாத்திரை 50 மில்லிகிராம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், அம்மா ஊரிலிருந்து முருங்கைப்பூவை நிழலில் காயவைத்து பஸ்ஸில் கொடுத்து விடுகிறார். ஒரு சாஷே டப்பா மட்டும் தீர்ந்திருக்கிறது, இரண்டு டப்பா அப்படியே இருக்கிறது. இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை காசைக் கரைக்கிற வேலையா? சாப்பிட்டவர்கள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை.

பவானி_ஆற்றங்கரை:

நண்பரே, நான் இதே சாஷே 9 மாதம் சாப்பிட்டவன். மூன்று முறை டெஸ்ட், கவுண்ட் 9, 12, 8 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 12 வந்தபோது "பார்த்தீங்களா, மருந்து கேட்குது" என்றார்கள், 8 வந்தபோது "ஸ்ட்ரெஸ் ஜாஸ்தியா?" என்றார்கள். கடைசியில் கோயம்புத்தூரில் வேறொரு யூராலஜி டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைத் தொடக்கூட இல்லை. முதலில் வேட்டியை அவிழ்த்து நிற்கச் சொல்லி, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்து புழுப்பை மாதிரி இருந்தது. வெரிகோசீல். ஆண்களில் ஏறத்தாழ 15% பேருக்கு இது இருக்குமாம், குழந்தை இல்லை என்று வருகிற ஆண்களில் 35 முதல் 40% பேருக்கு. எனக்கு ஆபரேஷன் செய்தார்கள், ஆறு மாதம் கழித்து கவுண்ட் 22. அதனால்தான் வந்ததா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் 9 மாதம் என்னைத் தொட்டே பார்க்காமல் பவுடர் மட்டும் எழுதினார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்களைத் தொட்டுப் பார்த்தாரா? அதை முதலில் சொல்லுங்கள்.

கண்ணாடித்தகடு:

நான் லேப் டெக்னீஷியன், 14 வருடமாக இதே மைக்ராஸ்கோப்தான். மருந்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை, ரிப்போர்ட்டைப் பற்றி மட்டும் கேட்கிறேன். எத்தனை நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு சாம்பிள் கொடுத்தீர்கள்? லேபிலேயே கொடுத்தீர்களா, வீட்டிலிருந்து கொண்டு போனீர்களா? போன வழியில் எவ்வளவு நேரம்? முழுவதும் டப்பாவில் விழுந்ததா? அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் காய்ச்சல் ஏதாவது?

ஏன் கேட்கிறேன் என்றால், இடைவெளி 2 நாளிலிருந்து 7 நாளுக்குள் இருக்க வேண்டும். நிறைய பேர் "சேர்த்து வைத்தால் கவுண்ட் கூடும்" என்று இரண்டு வாரம் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். எண்ணிக்கை கூடலாம், ஆனால் உள்ளே கிடந்து கிடந்து அசைவு செத்துப்போயிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் தகட்டில் ஏற வேண்டும். முதலில் வருகிற துளியில்தான் அணுக்கள் அதிகம், பதட்டத்தில் அந்தத் துளியைத் தவறவிட்டு மிச்சத்தை டப்பாவில் பிடித்துக் கொடுத்தால் நான் எதை எண்ணுவது? எங்கள் லேபில் சேகரிக்கிற அறை என்பது ஒரு பாத்ரூம், தாழ்ப்பாள் சரியாக விழாது, வெளியே ஈசிஜி எடுக்க வந்த பாட்டி இருமிக்கொண்டிருப்பார். அங்கே உட்கார்ந்து கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன், வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டில் குறைந்தபட்ச எல்லை ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்தமாக 39 மில்லியன், அசைவு 42%, முன்னோக்கி நகர்வது 30%, இயல்பான வடிவம் 4%. இந்த எண்கள் எப்படி வந்தன தெரியுமா? ஒரு வருடத்துக்குள் குழந்தை உண்டான தம்பதிகளின் ஆண்களை வரிசையில் நிறுத்தி, அதில் கடைசி 5% எங்கே தொடங்குகிறதோ அங்கே கோடு போட்டார்கள். அதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆனவர்கள்தான். இது பத்தாம் வகுப்பு பாஸ் மார்க் இல்லை. உங்களுடையது மொத்தம் 26 மில்லியன் சொச்சம். குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. வடிவம் 3% என்றதும் மீதி 97% ஊனம் என்று பயந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல ஆணுக்கே 4-க்கு மேல் இருந்தால் போதும் என்பதுதான் கணக்கு.

ஸ்டென்டர்_திருப்பூர்:

அண்ணா, நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் மாட்டிக்கொண்டேன். 11 நாள் இடைவெளி, சேர்த்துத்தான் வைத்தேன். வீட்டில் எடுத்து, டவுனுக்கு டவுன் பஸ்ஸில் போனேன், ரயில்வே கேட் வேறு, ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும். டப்பாவை மஞ்சப்பையில் தண்ணீர் பாட்டிலோடு வைத்திருந்தேன். அப்புறம் டெஸ்டுக்கு ஆறு வாரம் முன்னால் டெங்கு வந்து 5 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இதை டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சம்பந்தம் இருக்கும் என்றே தோன்றவில்லை.

வேலை, பெயரைப் பார்த்தாலே தெரியும், துணியைச் சூட்டில் காயவைக்கிற ஸ்டென்டர் மெஷின் ஓட்டுகிறேன், 12 மணி நேர ஷிஃப்ட். சேம்பர் 160, 170 டிகிரியில் இருக்கும், நான் வெளியேதான் நிற்கிறேன், ஆனாலும் பேன்ட் பாக்கெட்டில் இருக்கிற சில்லறை சுடும். பவானி அண்ணா கேட்டதற்கு, டாக்டர் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை.

கண்ணாடித்தகடு:

தம்பி, அப்படியென்றால் அந்த ரிப்போர்ட்டை ஒரு ஓரமாக வையுங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், அப்புறம் குழாயில் நகர்ந்து தேறி வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, இன்று டப்பாவில் விழுவது மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் கணக்கு. விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை நடக்கும், அதற்காகத்தான் வெளியே தொங்குகிறது. 103 காய்ச்சல் ஐந்து நாள் அடித்தால் அடுத்த இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை விழும், தானாகவே திரும்ப ஏறும். காய்ச்சல் தணிந்து மூன்று மாதம் கழித்து, 3 நாள் இடைவெளியில், லேபிலேயே கொடுங்கள். நல்ல ரிப்போர்ட் வந்தாலும் கெட்ட ரிப்போர்ட் வந்தாலும் ஒன்றை வைத்து முடிவு கட்டக் கூடாது, இரண்டு வேண்டும்.

வேர்வைத்தியம்:

இங்கிலீஷ் மருந்தெல்லாம் எதற்கு ஐயா. முருங்கைப்பூவைப் பாலில் வேகவைத்துப் பனங்கற்கண்டு போட்டு ஒரு மண்டலம் சாப்பிடுங்கள். அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம், பூனைக்காலி விதை, நிலப்பனைக் கிழங்கு, ஓரிதழ் தாமரை, இதெல்லாம் நம் சித்தர்கள் சும்மாவா சொன்னார்கள்? அமுக்கராவுக்கு அறிவியல் ஆய்வே இருக்கிறது, 2013-ல் நம் நாட்டில் கவுண்ட் குறைந்த 46 பேரை வைத்துச் செய்தார்கள், தினம் 675 மில்லிகிராம், 90 நாள், கவுண்ட் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

ரெண்டுவேளை_பிறகு:

நான் மெடிக்கல் ஷாப் பார்மசிஸ்ட், இதையெல்லாம் தினமும் விற்கிறவள், அதனால் என் பேச்சில் உள்நோக்கம் தேட வேண்டாம், விற்காதே என்று சொன்னால் எனக்குத்தான் நஷ்டம்.

வேர்வைத்தியம் ஐயா சொன்ன ஆய்வு உண்மை. ஆனால் 46 பேர் என்பது ஒரு மினி பஸ் கூட்டம், அதில் யாருக்குக் குழந்தை பிறந்தது என்பதற்கு அது பதில் சொல்லவில்லை. அமுக்கராவால் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக் கூடாது, டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. சித்த மருந்து வேண்டும் என்றால் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் படித்த டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள். மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்து லேகியம் விற்கிறவர்களிடம் வேண்டாம். அந்த மாதிரிச் சரக்கில் விறைப்புக்குக் கொடுக்கிற சில்டெனாபில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து விற்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. அன்று இரவு வீரியம் வந்த மாதிரி இருக்கும், கவுண்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

சரி, சாஷேக்கு வருகிறேன். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருந்து லைசென்ஸ் எண் இருக்காது, எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம், என்று போட்டு 14 இலக்க எண் இருக்கும். அதாவது சட்டப்படி அது உணவு வகை, ஊறுகாய்க்கும் அதே மாதிரி எண்தான். மருந்தென்றால் கேட்கிற அளவுக்கு இதற்கு நிரூபணம் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2020-ல் வெளியானது. ஆண்களில் பாதிப் பேருக்கு தினம் 30 மில்லிகிராம் ஜிங்க், 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட், ஆறு மாதம். மீதிப் பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. குழந்தை பிறந்தது மருந்து சாப்பிட்டவர்களில் 34%, போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 35%. கவுண்ட், அசைவு, வடிவம் எதிலும் வித்தியாசம் இல்லை. விந்தணு டிஎன்ஏ உடைவது மட்டும் மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, வயிற்றுக் கோளாறும் கூட. அதே வருடம் இன்னொரு ஆய்வு, வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிடின், ஜிங்க், ஃபோலிக், லைக்கோபீன், அப்படியே உங்கள் சாஷேயின் பின்பக்கம்தான், சுமார் 170 ஆண்கள். அதிலும் ஒன்றும் பெரிதாக நகரவில்லை. இந்தச் சத்துகளை ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கத்தான் கொடுக்கிறார்கள். ஆக்ஸிஜனேற்றம் அணுவைக் கெடுக்கிறது என்பது உண்மை, ஆனால் உடம்புக்கு அது கொஞ்சம் தேவையும்கூட, அடுப்பில் புகை வருகிறதே என்று தீயையே அணைத்தால் சோறு வேகாது.

ஒன்றுமே வேலை செய்யாது என்றும் நான் சொல்லவில்லை. கோக்யூ10, கார்னிடின் இரண்டிலும் சின்னச் சின்ன ஆய்வுகளில் அசைவு ஏறியிருக்கிறது. ஆனால் 2022-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் குழு 90 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரத்தின் நம்பகம் மிகக் குறைவு என்றார்கள். சரியாக நடத்தாத ஆய்வுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் குழந்தை பிறப்பில் பலன் தெரியவில்லை. கவுண்ட் ஏறுவது வேறு, தொட்டில் ஆடுவது வேறு.

ஸ்டென்டர் அண்ணா, உங்களுக்கு என் உண்மையான கவலை வேறு. சாஷேயில் ஜிங்க் எவ்வளவு, மல்டிவைட்டமினில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டென்டர்_திருப்பூர்:

சாஷேயில் 20, மல்டிவைட்டமினில் 22, மச்சான் கொடுத்தது 50.

ரெண்டுவேளை_பிறகு:

92. நினைத்தேன். ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 17 மில்லிகிராம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொன்ன கணக்கு, அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே வந்துவிடும். மேல் எல்லை 40. மாதக்கணக்கில் 92 போனால் உடம்பு செம்பை உறிஞ்சாமல் விட்டுவிடும், ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். மச்சான் மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். டாக்டர் எழுதியதை நிறுத்துவதா என்பதை அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், ஆனால் சீட்டையும் டெங்கு டிஸ்சார்ஜ் பேப்பரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா அனுப்புகிற முருங்கைப்பூவைத் தாராளமாகச் சாப்பிடலாம், தேங்காய்ப்பூ போட்டு வதக்கினால் நன்றாக இருக்கும், அதில் தப்பே இல்லை. மருந்து என்று நினைக்காமல் பொரியல் என்று நினைத்துச் சாப்பிடுங்கள்.

முன்னாள்_பைசெப்ஸ்:

ப்ரோ, சப்ளிமென்ட் பேச்சு என்பதால் ஒன்று. யாராவது ஜிம்மில் "டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் எல்லாம் ஏறும்" என்று ஊசி போடச் சொன்னால் ஓடிவிடுங்கள். நான் நாலு மாதம் போட்டேன். கை 16 இன்ச், கவுண்ட் பூஜ்யம். குறைவு இல்லை, பூஜ்யம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை "சரி, கீழே வேலையை நிறுத்து" என்று சிக்னலை அணைத்துவிடுகிறது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை வாரம் 200 மில்லிகிராம் போட்டு ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது என்று எனக்கு டாக்டர் சொன்னபோது தலை சுற்றியது. நான் அப்பா ஆகணும் என்று கருத்தடை ஊசிக்குக் காசு கொடுத்திருக்கிறேன். நிறுத்தி, விதையைத் திரும்ப வேலை செய்யத் தூண்டுகிற, டாக்டர் கொடுத்த ஹெச்சிஜி ஊசி போட்டு, 11 மாதம் ஆனது கவுண்ட் திரும்ப. வழுக்கைக்கு ஃபினாஸ்டிரைட் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சிலருக்கு அதுவும் கவுண்டைக் குறைக்கும். சிகரெட், பாக்கு எதுவும் உண்டா? அதை நிறுத்தக் காசு செலவில்லை.

ஆடிக்காத்து:

ஆண்கள் பேசுகிற இடத்தில் நான் நுழைகிறேன், மன்னிக்கவும். இவருக்கு முன்னால் மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு என்று எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு வரி என்னைக் குத்தியது. எங்கள் வீட்டில் எனக்குக் குழாய் டெஸ்ட், லேப்ராஸ்கோபி, ஊசி மருந்து, அரசமரத்தைச் சுற்றுவது வரை முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனார். அதுவும் "எனக்கென்ன குறை" என்று சண்டை போட்டுக்கொண்டு. 700 ரூபாய் டெஸ்ட், அரை மணி நேர வேலை. காரணம் ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் இருக்கிறது. உங்களுக்கு 28 வயது மனைவி, நேரம் இருக்கிறது, 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் பவுடர் கரைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினீர்களா?

ஸ்டென்டர்_திருப்பூர்:

காட்டவில்லை அக்கா. பீரோவில் சட்டைக்கு அடியில் இருக்கிறது. இன்று இரவு காட்டுகிறேன்.

ஸ்டென்டர்_திருப்பூர் (நான்கு மாதம் கழித்து):

யாராவது தேடி வந்து படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். மச்சான் மாத்திரையை அன்றே நிறுத்தினேன். வேறு டாக்டரிடம் போனோம், இரண்டு பேருமாக. தொட்டுப் பார்த்தார், இடது பக்கம் வெரிகோசீல் லேசாக இருக்கிறது, முதல் நிலை, இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்றார். பழைய சாஷே, கேப்சூல் பற்றிக் கேட்டதற்கு "சாப்பிட்டால் கெடுதி இல்லை, சாப்பிடாவிட்டால் நஷ்டமும் இல்லை" என்று சிரித்தார். அதனால் எதையும் தொடரவில்லை. கம்பெனியில் கேட்டு மெஷினிலிருந்து மடிப்புப் பிரிவுக்கு மாறினேன், 1,800 ரூபாய் சம்பளம் குறைவு, பவுடர் காசோடு கழித்தால் லாபம்தான். பைக் டேங்க் மேல் உட்கார்ந்து போவதை விட்டேன், வீட்டில் லுங்கிதான். சிகரெட் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து இரண்டு, முழுதாக விட முடியவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் லேபிலேயே கொடுத்தேன், 3 நாள் இடைவெளி. தாழ்ப்பாள் விழுந்தது. 2.1 மில்லி, ஒரு மில்லிக்கு 21 மில்லியன், மொத்த அசைவு 39%, முன்னோக்கி 27%, வடிவம் 4%. அசைவு இன்னும் கோட்டுக்குக் கீழேதான். இதில் டெங்கு போனது எவ்வளவு, மெஷின் மாறியது எவ்வளவு, முருங்கைப்பூ எவ்வளவு என்று தெரியாது, அம்மாவுக்கு மட்டும் தெளிவாகத் தெரியும், பூ தான் என்கிறார். விசேஷம் இன்னும் இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கப்புறம் ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்துவது) பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர்.

பார்மசிஸ்ட் அக்கா, அந்த இரண்டு டப்பா சாஷே பிரிக்காமல் இருக்கிறது, பில்லும் இருக்கிறது. கடையில் திருப்பி எடுப்பார்களா?

ரெண்டுவேளை_பிறகு:

நாலு மாதம் ஆகிவிட்டதே அண்ணா, நானாக இருந்தால் எடுக்க மாட்டேன். கேட்டுப் பாருங்கள், தெரிந்த கடை என்றால் எடுத்தாலும் எடுப்பார்கள். மச்சானிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.